பெருந்திருவாளின் துடைப்பம்

எங்கள் ஊர்ப் பக்கம் துரியோதனன் சாகிற நாளில் யாரும் கழனி வேலைக்குப் போகமாட்டார்கள். செய்யாறு, வந்தவாசி, செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் வழக்கம் அதுதான். திருவிழா நாட்களில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவில் கூத்து. கடைசி இரவு பதினெட்டாம் போர். விடிய விடிய ஆடிவிட்டு, வேஷத்தைக் கலைக்காமல் ஆட்டக்காரர்கள் கோயிலுக்கு எதிரே உள்ள வெளிக்கு வருவார்கள். அங்கே மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அந்த இடம்தான் படுகளம்.

சிறுமியாக இருந்தபோது அந்த உருவத்தைச் செய்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்பேன். வண்டி வண்டியாக மண் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசைவார்கள். முதலில் வெறும் மண்மேடாகத்தான் தெரியும். பிறகு தோள் வரும், வயிறு வரும், கால் நீளும். கடைசியில் முகம்: உருட்டிய கண், முறுக்கிய மீசை. தொடையில் குழி பறித்து, குங்குமம் கரைத்த சட்டியை வைத்து மேலே மண்ணைப் பூசிவிடுவார்கள். சட்டி எங்கே இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்திருந்தும், பீம வேஷக்காரர் துரியோதன வேஷக்காரரை அந்த உடம்பைச் சுற்றிச் சுற்றித் துரத்தி, கடைசியில் தொடையில் ஓங்கி அடித்துச் சிவப்பு தெறிக்கும்போது குலை நடுங்கும். அந்தச் சிவப்பைத் தொட்டுத்தான் பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். சபதம் நிறைவேறியது. கதை அங்கே முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முடியாது. பாஞ்சாலி போனபின் துரியோதனன் வீட்டுப் பெண் வருவாள். சில ஊர்களில் அவன் தாய் காந்தாரி. எங்கள் ஊரில் அவன் மனைவி பெருந்திருவாள். பெண் வேஷம் கட்டிய ஆண்தான். தலைவிரி கோலம், கையில் பழைய முறமும் துடைப்பமும். மண்ணுடம்பின் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை நடந்து நடந்து ஒப்பாரி வைப்பாள். ஒப்பாரிக்கு நடுவே துடைப்பத்தால் அவனை அடிப்பாள். அடித்துவிட்டு அவன் மார்பிலேயே விழுந்து அழுவாள். எழுந்து மறுபடியும் அடிப்பாள். சபையில் நீ செய்த காரியத்துக்கு நான் தாலி அறுக்க வேண்டுமா என்று கேட்பாள்.

சுற்றி நிற்கிற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். இரவெல்லாம் துரியோதனனைச் சபித்தவர்கள் இவர்கள். துகிலுரிகிற இரவில், "இவன் கட்டையில போக" என்று என் ஆயா பல்லைக் கடித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதே ஆயா படுகளத்தில் விசும்பி அழுதாள். ஏன் ஆயா அழுவுற, அவன் கெட்டவன்தானே என்றேன்.

"அவன் பாவிதான். அவனக் கட்டிக்கினவ இன்னா பாவம் பண்ணா?"

திரும்பும்போது அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்து நெல் குதிரில் போட்டாள். விளைச்சல் குறையாது என்பது நம்பிக்கை. பாவியின் உடம்பு மண்தான் அது.

கூத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. துகிலுரிதலில் துச்சாதன வேஷம் கட்டியவர் பாஞ்சாலியின் சேலையில் கை வைப்பதற்கு முன், ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றச் சொல்வார். தாயே, வயிற்றுப் பிழைப்புக்காக இந்த வேஷம், என்னை மன்னித்துக்கொள் என்று கும்பிடுவார். பிறகுதான் துச்சாதனன் ஆவார். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் கண்ணாடிச் சில்லுகளும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மின்ன, அத்தனை பெரிய உருவம் கைகூப்பி நிற்பதைப் பார்த்தால், செய்யப்போகிற காரியம் எவ்வளவு கொடியது என்பது குழந்தைக்கும் புரியும். தீமையை நடித்துக் காட்டக்கூட அனுமதி வேண்டும் என்று நினைத்த ஜனங்களிடையே நான் வளர்ந்தேன். எனக்கு அதில் பெருமை உண்டு.

அந்த வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இன்னும் போகவில்லை. எந்தக் கதையில் வில்லன் வந்தாலும், அவன் வீட்டில் யார் இருக்கிறாள், அவளுக்குக் கதை என்ன இடம் கொடுத்திருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

டெண்டு கொட்டகையில் பார்த்த படங்களில் எம்.என்.நம்பியார் கையைப் பிசைந்தாலே பெஞ்சு வரிசையிலிருந்து வசவு கிளம்பும். அவர் சொந்த வாழ்க்கையில் மாமிசம் தொடாதவர், சபரிமலைக்கு ஆண்டுதோறும் போன குருசாமி என்பதெல்லாம் எங்கள் ஊருக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யை வருஷங்கள் கழித்து எங்கள் கொட்டகையில் போட்டார்கள். அதில் நம்பியார் கஜேந்திரன். சொத்துக்காக மனைவியின் தம்பியைச் சவுக்கால் அடித்தே பயந்தாங்கொள்ளியாக வளர்க்கிறவர். எம்.ஜி.ஆர். சவுக்கைப் பிடுங்கித் திருப்பி அடிக்கும்போது கொட்டகையே எழுந்து நின்றது. நான் பண்டரிபாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கஜேந்திரனின் மனைவி அவர். அடிக்கிறவனும் அவருக்கு வேண்டியவன், அடிபடுகிறவனும் வேண்டியவன். அந்த முகத்தில் எங்கள் படுகளத்துப் பெண்ணின் சாயல் இருந்தது. படம் அதை அதிக நேரம் காட்டவில்லை.

அதே பண்டரிபாயைச் சில வருஷங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பஞ்சாயத்து போர்டு டி.வி.யில் வேறு விதமாகப் பார்த்தேன். சென்னைத் தொலைக்காட்சி 'அந்த நாள்' போட்டிருந்தது. 1954இல் ஏவி.எம். எடுத்த படம். இயக்கியவர் வீணை எஸ்.பாலசந்தர். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. தரையில் உட்கார்ந்திருந்த பாதிக் கூட்டம் அதனாலேயே எழுந்து போய்விட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 அக்டோபரில், சென்னைமேல் ஜப்பானியர் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. படம் தொடங்கும்போதே சிவாஜி கணேசன் செத்துவிடுகிறார். ரேடியோ எஞ்சினீயர் ராஜன். சுட்டது யார் என்று விசாரிக்க விசாரிக்க, ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு ராஜன் வெளிப்படுகிறான். கெட்டிக்காரன். தன் திறமையை மதிக்காத நாட்டின்மேல் ஆத்திரம் கொண்டவன். அந்த ஆத்திரத்தில் எதிரிக்கு உளவு சொல்கிறவன். சிவாஜி அந்தக் கோபத்தை அவ்வளவு நியாயமாக நடித்திருப்பார். ஒரு கட்டத்தில் நாமே தலையாட்டிவிடுவோம்.

அவன் சாவது மனைவி உஷாவின் கையிலிருக்கும் துப்பாக்கியிலிருந்து வந்த குண்டால். பண்டரிபாய்தான் உஷா. கல்லூரியில் காதலித்து, வீட்டைப் பகைத்துக்கொண்டு, நம்பிக் கட்டிக்கொண்டவள். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு அவள் நடுங்குகிற நடுக்கம் இருக்கிறதே, அதற்கு நிகராகத் தமிழ் சினிமாவில் அதிகம் சொல்ல முடியாது. கையில் ஆயுதத்தோடும் கண்ணில் நீரோடும் அவள் நின்ற அந்த நேரத்தில், கூத்து மேடை தெரியாத ஒரு பட்டணத்துப் படம் படுகளத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. எதிர்நாயகனைப் பற்றித் தமிழில் எடுத்த மிகச் சிறந்த படம் எது என்று யார் கேட்டாலும் தயங்காமல் 'அந்த நாள்' என்பேன். ராஜனுக்கு அது முழு நியாயம் செய்கிறது. அவனால் ஏமாந்தவளுக்கும் செய்கிறது. இரண்டையும் செய்த படங்கள் குறைவு.

இனி பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பெரியம்மாவின் கணவர் குடிகாரர் இல்லை. கை நீட்டியது அபூர்வம். ஆனால் வீட்டுச் சாவி எல்லாம் அவர் அரைஞாணில் இருந்தது. பீரோ சாவி, பெட்டிச் சாவி, அரிசி வைத்திருந்த அறையின் சாவி. காலையில் அன்றைக்கு வேண்டிய அரிசியை அவரே அளந்து போடுவார். சோப்புக்குக் காசு கேட்டால், போன சோப்பு எப்போது வாங்கினது என்பார். பெரியம்மா தன் தங்கையைப் பார்க்க, அதாவது எங்கள் வீட்டுக்கு, ஐந்து மைல் தூரம் பஸ்ஸில் வர வேண்டுமென்றால் போகவர எவ்வளவோ அவ்வளவுதான் கொடுப்பார். திரும்பிப் போனதும் டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பார். எங்கள் அம்மா கொடுத்தனுப்பும் பத்து ரூபாயைப் பெரியம்மா ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போவாள்.

'சம்சாரம் அது மின்சாரம்' 1986இல் வந்தது. விசு எழுதி இயக்கி, அப்பாவாகவும் நடித்த படம். அதில் மூத்த மகன் சிதம்பரமாக ரகுவரன். கத்தி இல்லை, சவுக்கு இல்லை, சிரிப்புகூட இல்லை. ஒட்டிய கன்னமும் அடங்கிய குரலுமாக உட்கார்ந்து வீட்டுக்குக் கொடுக்கிற பணத்துக்குக் கணக்குப் பார்க்கிற மனிதன். அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டின் நடுவே கோடு விழுவதற்கு அந்தக் கணக்கு போதுமாக இருந்தது. படம் பார்த்துவிட்டு வந்த பெரியம்மா வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அந்த ஒல்லியா இருக்கிறவன், அப்படியே எங்க வூட்டுக்காரரு" என்றாள். வில்லன் என்றால் கோட்டையிலும் மலைக்குகையிலும் இருப்பவன் என்றிருந்த எங்களுக்கு, கூடத்தில் நோட்டுப் புத்தகத்தோடு இருப்பவனைக் காட்டிக்கொடுத்தவர் ரகுவரன். 'பாட்ஷா'வின் ஆண்டனியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். எனக்குச் சிதம்பரம்தான் ரகுவரனின் பெரிய வில்லன்.

பெரியப்பா செத்தபோது பெரியம்மா போட்ட ஒப்பாரியில் ஊரே கலங்கியது. இவ்வளவு பட்டும் இப்படி அழுகிறாளே என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழுந்த ஒப்பாரியிலே சாவிக்கொத்தும் வந்தது, சோப்பும் வந்தது. அவள் அவரைப் புகழ்ந்து அழவில்லை. அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

என் மகன் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது மடிக்கணினியில் 'பிரேக்கிங் பேட்' பார்த்துக்கொண்டிருந்தான். நானும் உட்கார்ந்தேன், பிறகு எழுந்திருக்க முடியவில்லை. அமெரிக்காவில் 2008இலிருந்து 2013வரை ஒளிபரப்பான தொடர். நியூ மெக்ஸிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் பள்ளிக்கூட வேதியியல் வாத்தியார் வால்டர் வைட். புற்றுநோய் வருகிறது. குடும்பத்துக்குப் பணம் சேர்க்க என்று போதைப்பொருள் காய்ச்ச ஆரம்பிக்கிறார். பிறகு நிறுத்த மனமில்லை. குடும்பத்துக்காக என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது பொய், தனக்குப் பிடித்ததால்தான் செய்தேன் என்று கடைசியில் மனைவியிடமே ஒப்புக்கொள்கிறார். பிரையன் கிரான்ஸ்டனின் நடிப்பைப் பற்றி நான் சொல்லி ஆக வேண்டியதில்லை. ஒரு சாதாரண மனிதன் அங்குலம் அங்குலமாகக் கெட்டுப்போவதை அத்தனை பொறுமையாக வேறு எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

என்னைத் திடுக்கிட வைத்தது, மகனும் அவன் நண்பர்களும் அந்த வாத்தியாரின் மனைவி ஸ்கைலரைத் திட்டியதுதான். வாத்தியார் விஷம் வைக்கிறார், ஆள் வைத்துக் கொல்கிறார். அவர்மேல் இவர்களுக்குக் கோபம் இல்லை. அவர் எங்கே போய் வருகிறார் என்று கேட்கிற மனைவிமேல் கோபம். இந்தப் பிள்ளைகள் மட்டுமல்ல, அமெரிக்காவிலேயே அப்படித்தான் இருந்திருக்கிறது. ஸ்கைலராக நடித்த அன்னா கன், பாத்திரத்தின்மேல் இருந்த அந்த வெறுப்பு நடிகையான தன்மேலேயே திரும்பியதைப் பற்றி 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரையே எழுதினார்.

மகனுக்குப் படுகளத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் தீமிதிதான் பார்த்திருக்கிறான், படுகளம் பார்த்ததில்லை. துரியோதனன் விழுந்ததும் கூத்தை நிறுத்திவிட்டால், அவன் வீரம்தான் நினைவில் நிற்கும். அவனும் லேசுப்பட்டவன் இல்லையே, மண்ணாசையிலும் மானத்திலும் குறையாதவன். அதனால்தான் ஊர் அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கடைசிப் பேச்சை அவளுக்குக் கொடுத்தது. கம்பனும் இராவணன் விழுந்ததும் விட்டுவிடவில்லை. மண்டோதரியை வரவழைத்து அழவைத்து, அவன்மேலேயே உயிரை விடச் செய்கிறான். இதையெல்லாம் கேட்டுவிட்டு மகன், "அம்மா, அவ ரொம்ப நச்சரிக்கிறாம்மா" என்றான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. புத்திசாலியான கெட்டவனின் பக்கம் கேமரா தொடர்ந்து நின்றால், பார்க்கிற பிள்ளை அவனுடைய வேலைக்காரனாகிவிடுகிறான். 2022இல் 'விக்ரம்' படத்தில் சூர்யா ரோலக்ஸாகச் சில நிமிடங்கள் வந்தபோது திரையரங்கு விசிலில் அதிர்ந்தது. நடிப்பு அபாரம்தான். அந்தக் கையால் செத்தவனின் வீட்டு வாசலை நினைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

அதே 2022 பிப்ரவரியில் சன் டி.வி.யில் 'எதிர்நீச்சல்' தொடங்கியிருந்தது. 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம் இயக்கிய தொடர். மதுரைப் பக்கத்துப் பணக்கார வீடு, அண்ணன் தம்பிகள் நான்கு பேர், மருமகள்கள் நான்கு பேர்: ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. எல்லோர் தலைக்கும் மேலே மூத்தவன் ஆதி குணசேகரன். ஜி.மாரிமுத்து அதை ஏற்றிருந்தார். தேனி மாவட்டத்துப் பசுமலைத்தேரிக்காரர். நீண்ட காலம் உதவி இயக்குநராக உழைத்து 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர். 'பரியேறும் பெருமாள்' பார்த்தவர்களுக்கு ஜோவின் அப்பாவாக அவரைத் தெரியும்; மகள்மேல் பாசம், சாதிக்குப் பயம், இரண்டுக்கும் நடுவே குனிந்து போகிற மனிதன். குணசேகரனுக்கு அந்தக் குனிவு கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "இந்தாம்மா, ஏய்" என்று அவர் ஆரம்பித்தால், இந்தப் பக்கம் வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் முதுகு நிமிரும்.

பெரியம்மாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. என் வீட்டில்தான் இருந்தாள். இரவு அந்த நேரம் வந்தால் யாரும் அவளிடம் பேசக்கூடாது. குணசேகரன் சாப்பிட உட்கார்ந்தால், "தின்னு, தின்னு, எவ்ளோ நாளிக்கி" என்பாள். ஈஸ்வரி எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவாள். ஜனனி படித்த பெண், அவள் வாயைத் திறப்பதில் பெரியம்மாவுக்கு ஆச்சரியம் இல்லை. ஈஸ்வரிதான் அவளுக்கு முக்கியம். இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவள் திறக்க வேண்டும்.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை, அந்தத் தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாரிமுத்துவுக்கு மாரடைப்பு வந்து இறந்துபோனார். செய்தி டி.வி.யில் ஓடியது. பெரியம்மா வாய்விட்டு அழுதாள். தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் பெண்கள் அழுதார்கள். அவரைப் பசுமலைத்தேரிக்குக் கொண்டுபோகிறவரை பெரியம்மா டி.வி.யை அணைக்க விடவில்லை. நடிகர்மேல் இருந்த பிரியம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின: வில்லனாக நடித்து எல்லோர் மனதிலும் இடம்பிடித்த நல்ல மனிதர். அது உண்மையும்கூட.

நான் மட்டும் இரண்டு நாள் கழித்துக் கேட்டேன், ஏன் பெரியம்மா அப்படி அழுதே?

"நல்ல மனுஷன், பாவம், போயிட்டாரு. அதுக்கும்தான் அழுதேன்" என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அவன் தோத்து நிக்கிறதப் பாக்கணும்னுதானே பாப்பா இத்தினி நாளா ஒக்காந்துக்கினு இருந்தேன்? இப்ப நான் எங்க போயி கணக்கு கேக்கறது?"

பெருந்திருவாள் ஏன் ஒப்பாரியோடு துடைப்பத்தையும் கொண்டுவந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. அது மன்னிப்பு இல்லை. உயிரோடு இருந்தவரை கேட்க முடியாததைக் கேட்க அவளுக்கு அந்தக் காலைப்பொழுது ஒன்றுதான் கிடைத்தது. அழுகையை யாரும் தடுக்கமாட்டார்கள் என்பதால், கேள்விகளை அழுகைக்குள் வைத்துக் கேட்டாள். பெரியம்மாவும் பெரியப்பாவின் தலைமாட்டில் அதைத்தான் செய்திருக்கிறாள்.

மாரிமுத்துவின் இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். மிடுக்கான மனிதர், கம்பீரமான குரல். பெரியம்மா சில நாள் பார்த்துவிட்டு, "இவரு வேற ஆளு. இவரு தோத்தா எனக்கு இன்னா வந்துது" என்று சொல்லிவிட்டாள். தொடர் 2024 ஜூனில் முடிந்தது. கடைசி வாரம் அவள் உட்காரவில்லை. நான் பார்த்துவிட்டு வந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீதான் எழுதறியே. பழைய குணசேகரன வெச்சி ஒரு கத எழுது. சாவடிக்காத. ஜெயிலுக்கும் அனுப்பாத. வூட்டுலயே வெய்யி. சாவியெல்லாம் ஈஸ்வரி இடுப்புல இருக்கணும். அவன் வந்து நின்னு பஸ்ஸுக்குக் காசு கேக்கணும். எவ்ளோன்னு கேட்டு அவ எண்ணிக் குடுக்கணும். திரும்பி வந்தா டிக்கெட்ட வாங்கிப் பாக்கணும்."

சரி என்றேன்.

"டிக்கெட்ட மறந்துடாத" என்றாள்.